சைகோன் தெருக்கடையில் உட்காரும் முன்: கேள்வி பதில்

திருச்சியிலிருந்து ஹோ சி மின் நகரத்துக்கு 2023 நவம்பரில் நேரடி விமானம் தொடங்கியதிலிருந்து நம் கரையோரத்து ஆட்கள் வியட்நாமுக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறார்கள். போய் இறங்கியதும் விடுதிக்குப் பக்கத்தில் இருக்கும் இந்திய உணவகத்தைப் பிடித்துக்கொண்டு, நாலு நாளும் ரொட்டியும் பருப்பும் தின்றுவிட்டுத் திரும்புகிறார்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை. நான் கீழக்கரைக்காரன், எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்போம். பினாங்கில் 4 ஆண்டு, சைகோனில் 9 ஆண்டு உணவகச் சமையலறைகளில் நின்றவன். 1976 இல் நகரத்தின் பெயர் மாறினாலும் அங்கே இருப்பவர்கள் இன்னும் சைகோன் என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். மலிவான சிறு கடைகளைப் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கீழக்கரையிலிருந்து: காக்கா, எல்லோரும் ஃபோ, ஃபோ என்கிறார்களே, அது நம் சேமியாவைப் போட்ட சூப்பா? எப்படிச் சாப்பிட வேண்டும்?

சேமியா இல்லை தம்பி. அரிசி மாவை மெல்லிய தாளாக ஆவியில் வேகவைத்து, நாடாபோல் அரிந்தது அந்த நூடுல்ஸ். ஆனால் ஃபோவின் உயிர் அதன் ரசத்தில் இருக்கிறது. மாட்டெலும்பை ஒரு கொதி விட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டி, எலும்பைக் கழுவி, புதுத் தண்ணீரில் இரவு முழுவதும் சிறு தீயில் போடுவார்கள். வெங்காயத்தையும் இஞ்சியையும் தோலோடு நெருப்பில் சுட்டு, கருகியதைச் சுரண்டிவிட்டு உள்ளே போடுவார்கள். பிறகு வறுத்த அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, மல்லி விதை. நம் வீட்டுப் பிரியாணிக்குப் போகும் அதே சாமான்கள். முதல் நாள் விடியற்காலை 4 மணிக்கு நான் அந்த அண்டாவின் மூடியைத் தூக்கியபோது, ஊரில் கந்தூரிச் சோற்றுக்குத் தம் உடைத்த வாசம் முகத்தில் அடித்தது. எட்டிப் பார்த்தால் எண்ணெய் இல்லை, மிளகாய் இல்லை. காசு போட்டால் அடியில் தெரியும், அத்தனை தெளிவு.

உட்கார்ந்ததும் ஒரு தட்டு நிறையப் பச்சிலை வரும். துளசி இனத்தில் ஒன்று, ஓரத்தில் பல் பல்லாக இருக்கும் நீண்ட மல்லி வாசத்து இலை, முளைப்பயறு, எலுமிச்சை, மிளகாய். நம் ஆட்கள் அதைத் தொடாமலே வைத்துவிட்டு வருகிறார்கள். அதைக் கிள்ளிக் கிள்ளிச் சூட்டில் போட்டுச் சாப்பிட வேண்டும், போட்ட நொடியில் வாசம் மாறும். ஹனோயில் இந்தத் தட்டு அநேகமாக வராது. ஃபோ வடக்கில் பிறந்தது. 1954 இல் நாடு இரண்டாகப் பிரிந்தபோது லட்சக்கணக்கானவர்கள் தெற்கே வந்தார்கள், அவர்களோடு அது சைகோனில் பரவி, தெற்கத்தித் தோட்டத்து இலைகளையும் சேர்த்துக்கொண்டது.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மேசையில் இருக்கும் சாஸ் குப்பிகளைக் கிண்ணத்தில் கவிழ்க்கும் முன், வெறும் ரசத்தை ஒரு கரண்டி குடித்துப் பாருங்கள். ஓர் இரவு முழுவதும் ஒருவர் கண்விழித்து இறக்கிய ரசம் அது.

விலை: தெருக்கடையில் ஒரு கிண்ணம் 40,000 முதல் 70,000 டொங். ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 300 டொங் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். மேசையில் உறையில் போட்ட ஈரத் துண்டு இருக்கும், பிரித்தால் அதற்கும் சில ஆயிரம் டொங் சேர்ப்பார்கள். வேண்டாமென்றால் தொடாதீர்கள். எந்தக் கடை நல்ல கடை என்றால், ஒரே ஒரு பண்டம் செய்யும் கடை, அண்டா காலியானதும் கதவைச் சாத்தும் கடை. 80 பண்டங்களைப் படத்தோடு அச்சிட்ட அட்டை வைத்திருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஏர்வாடியிலிருந்து: காக்கா, ஹலால் கிடைக்குமா? குடும்பத்தோடு போகிறோம்.

கிடைக்கும். ஆனால் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு போக வேண்டும். சைகோனின் நடுவே டோங் டு தெருவில் ஒரு பள்ளிவாசல் இருக்கிறது. 1935 இல் தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டியது. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் புதுச்சேரி, காரைக்கால் வழியாகவும் நம் பக்கத்திலிருந்தும் சபுராளிகள், அதாவது கடல் கடந்து பிழைக்கப் போனவர்கள், துணி வியாபாரத்துக்கு அங்கே போனார்கள். அந்தப் பள்ளியைச் சுற்றி ஹலால் உணவகங்கள் இருக்கின்றன, ஃபோவும் கிடைக்கும். அங்கே தொழுதுவிட்டு வெளியே வரும்போது, நம் ஊர் வாசல் ஒன்றைக் கடந்து வந்த உணர்வு எனக்கு 9 ஆண்டும் மாறவில்லை.

மற்ற கடைகளில் பன்றி எங்கே ஒளிந்திருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். பான் மீ என்னும் ரொட்டியில் தடவும் ஈரல் விழுது பெரும்பாலும் பன்றி ஈரல். ஹூ தியூ என்னும் நூடுல்ஸின் ரசம் பன்றி எலும்பு. பான் சேவ் என்று மஞ்சளும் தேங்காய்ப்பாலும் சேர்த்து வார்க்கும் தோசையைக் கண்டால் நமக்கு வாய் ஊறும், அதற்குள் இறாலோடு பன்றித் துண்டும் வைப்பார்கள். நொய்யரிசிச் சோறு, அதன் பெயர் கோம் தாம், அதற்கும் சுட்ட பன்றி விலாதான் வழக்கமான துணை. தெற்கில் பன்றிக்கு ஹெயோ என்று பெயர், வடக்கில் லோன். 'கோங் தித் ஹெயோ' என்றால் பன்றி இறைச்சி வேண்டாம் என்று பொருள். ஆனால் இதைச் சொன்னால் துண்டை எடுத்துவிட்டுத் தருவார்கள், சட்டியும் கரண்டியும் அதேதான். ஆகவே மனம் ஒப்பாதவர்கள் ஹலால் பலகை உள்ள கடைக்கே போங்கள். அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

மேக்கோங் ஆற்றுப் பக்கம் போனால் சாவ் டோக் ஊரில் சாம் என்ற இனத்து முஸ்லிம்கள் இருக்கிறார்கள். அவர்கள் மாட்டிறைச்சியைக் குடலில் அடைத்து வெயிலில் காயவைக்கும் துங் லோ மோ என்னும் பண்டத்தைச் சுட்டுத் தருவார்கள். தேடிப் போய்ச் சாப்பிடத் தகுந்தது.

ராமேசுவரத்திலிருந்து: ஐயா, நாங்கள் சைவம். என் தாயார் வெங்காயம் பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. பட்டினியாகக் கிடக்க வேண்டியதுதானா?

வேண்டியதே இல்லை அம்மா. உங்களுக்குத்தான் அங்கே நல்ல வழி இருக்கிறது. சைவ உணவுக்கு 'சை' என்று பெயர், ஆங்கில எழுத்தில் சி, எச், ஏ, ஒய் என்று பலகையில் இருக்கும். பௌத்தர்கள் பலர் சந்திர மாதத்தின் 1 ஆம் நாளும் 15 ஆம் நாளும் சைவம் இருப்பார்கள், அதாவது அமாவாசையும் பௌர்ணமியும். அந்த நாள்களில் அசைவக் கடைகள்கூடச் சைவம் போடும். கோயில்களை ஒட்டிய கண்டிப்பான சைவக் கடைகளில் பூண்டும் வெங்காயமும் தவிர்ப்பார்கள். உங்கள் தாயாரை அங்கே அழைத்துப் போங்கள். பயணத் தேதியை அமாவாசையை ஒட்டி வைத்துக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது.

ஆனால் சாதாரணக் கடையில் 'காய்கறிதானே' என்று நம்பிக் கேட்காதீர்கள். வள்ளைக்கீரையைப் பூண்டு போட்டு வதக்கித் தருவார்கள், பார்க்க நம் வீட்டுப் பொரியல். அதில் மீன்சாறு விட்டிருப்பார்கள். உப்புக்குப் பதிலாக மீன்சாறு விடும் நாடு அது.

ராமநாதபுரத்திலிருந்து: விசா எத்தனை நாளில் வரும்? பணத்தை எங்கே மாற்றுவது?

பயண முகவரிடம் கேளுங்கள். நான் சமையல்காரன்.

பாம்பனிலிருந்து: அண்ணே, அந்த மீன்சாறு என்ன மீன்? என் மகன் ஒரு குப்பி கொண்டுவந்தான். திறந்ததும் வீடே நாறுகிறது என்று என் மனைவி வெளியே வைத்துவிட்டாள்.

நீங்கள் பிடிக்கும் மீன்தான் அண்ணே. நெத்திலி. அங்கே அதற்கு கா கோம் என்று பெயர். மூன்று பங்கு நெத்திலி, ஒரு பங்கு உப்பு, வேறு எதுவும் கிடையாது. படகிலேயே உப்பைக் கலந்துவிடுவார்கள். கரைக்கு வந்ததும் ஆளுயர மரத்தொட்டியில் அடைத்து, மேலே பாரம் வைத்து, 12 மாதம் தொடாமல் விடுவார்கள். அடியில் ஒரு குழாய். பான் தியெட் என்ற கடற்கரை ஊரில் ஒரு தொட்டிச்சாலைக்காரர் அந்தக் குழாயைத் திருகி என் உள்ளங்கையில் நாலு சொட்டு விட்டார். பனங்கருப்பட்டிப் பாகு நிறம். முதலில் உப்பு நாக்கைக் கடித்தது, பிறகு இறைச்சிச் சாறு குடித்ததுபோல் ஓர் இனிப்பு, அது தொண்டையில் நின்றது. குப்பியின் மேல் 30, 40 என்று எண் இருக்கும். ஒரு லிட்டரில் எத்தனை கிராம் நைட்ரஜன் என்ற கணக்கு அது, எண் ஏற ஏறச் சத்தும் விலையும் ஏறும். பூக்குவோக் தீவின் மீன்சாறுக்கு 2012 இல் ஐரோப்பிய ஒன்றியம் ஊர்ப்பெயர்ப் பாதுகாப்பே (புவிசார் குறியீடு) கொடுத்தது.

உங்கள் மனைவியிடம் குப்பியை முகர வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரு கரண்டி சாறு, ஒரு கரண்டி சர்க்கரை, ஒரு கரண்டி எலுமிச்சை, நாலு கரண்டி வெந்நீர், தட்டிய பூண்டு, நம் குண்டு மிளகாய் ஒன்று. கலந்து வைத்து, பொரித்த மீனைத் தொட்டுச் சாப்பிடச் சொல்லுங்கள். பிறகு குப்பி வீட்டுக்குள் வந்துவிடும்.

தொண்டியிலிருந்து: காக்கா, நீங்கள் எத்தனை புகழ்ந்தாலும் அது அழுகிய மீன்தான். ஒரு வருடம் தொட்டியில் கிடந்த மீனுக்கு வேறு என்ன பெயர்? நம் கருவாடு வெயிலில் காய்ந்தது, சுத்தமானது. இரண்டையும் ஒன்றாகச் சொல்லாதீர்கள்.

அண்ணே, இந்த ஒரு சொல்லை நான் ஏற்க மாட்டேன். அழுகுவது வேறு, கனிவது வேறு. நாலில் ஒரு பங்கு உப்பு இருக்கும் இடத்தில் அழுகச் செய்யும் கிருமிகள் பிழைக்காது. மீனின் குடலில் இருக்கும் செரிமான நொதிகளே அதன் சதையைக் கரைத்துச் சாறாக்குகின்றன. நாம் வெயிலால் தண்ணீரை வெளியேற்றி மீனைக் காக்கிறோம், அவர்கள் உப்பால் காக்கிறார்கள். கருவாட்டின் பழமை எனக்கும் பெருமைதான். நெய்தல் நிலத்துப் பெண்கள் உணங்கல் மீனைக் காக்கப் பறவை ஓட்டியதைச் சங்கப் பாடல்களே சொல்கின்றன. ஆனால் நமது உயர்ந்தது என்று சொல்வதற்காக அடுத்தவரின் 12 மாத உழைப்பை அழுகல் என்பது நியாயமில்லை.

பரமக்குடியிலிருந்து: ஹலால் உணவகம் இருக்கிறதா?

ஏர்வாடி அன்பருக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

தேவிப்பட்டினத்திலிருந்து: காக்கா, வியட்நாமுக்குப் போக வசதி இல்லை. சென்னையில் அத்தோ சாப்பிட்டேன், பிடித்திருந்தது. அது உண்மையான பர்மாச் சாப்பாடா?

உண்மைதான், ஆனால் நம் மண்ணில் வேர்விட்டது. 1962 இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்து, கடைகளையும் தொழில்களையும் அரசு எடுத்துக்கொண்டபோது, பர்மாவில் தலைமுறைகளாக இருந்த தமிழர்கள் வெறுங்கையோடு கப்பல் ஏறினார்கள். அவர்கள் கொண்டுவந்த சொத்து கைப்பக்குவம் ஒன்றே. பர்மிய மொழியில் அத்தோக் என்றால் கையால் பிசைந்து கலந்தது. சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள தெருக்களில் மாலையில் போய் நின்று பாருங்கள். நூடுல்ஸ், கோசு, பொரித்த வெங்காயம், வறுத்த பூண்டெண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் ஒரு பாத்திரத்தில் போட்டு ஒரே கையால் பிசைவார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். அந்த சூப்பின் மூலம் மொஹிங்கா, பர்மாவில் அது மீன் குழம்பு, அதிலும் வாழைத்தண்டு உண்டு. சென்னைக் கடைகளில் மீன் போய்விட்டது. அவித்த முட்டையைக் கீறி, பொரித்த வெங்காயம் அடைத்துத் தருவதையும் விடாதீர்கள். சூப்பை முதலில் வெறுமனே குடித்துப் பாருங்கள், மிளகாயை அப்புறம் போடலாம்.

பனைக்குளத்திலிருந்து: என் மச்சான் பினாங்கில் இருக்கிறார். நாசி கண்டார் கடையில் எப்படிக் கேட்பது? போனமுறை பில் பார்த்துத் திகைத்துவிட்டேன்.

நீங்கள் கேட்டதும் எனக்குப் பழைய நாள்கள் வந்துவிட்டன. நாசி என்றால் மலாயில் சோறு, கண்டார் என்றால் தோளில் போடும் காவுக்கம்பு. ஒரு பக்கம் சோற்றுப் பானை, ஒரு பக்கம் குழம்புச் சட்டி, துறைமுகத்துக் கூலிகளுக்கு நடந்தே விற்றவர்கள் தமிழ் முஸ்லிம்கள். நம் மாவட்டத்துக் கரையிலிருந்து போனவர்கள் அதில் நிறைய. அங்கே 'பஞ்சிர்' என்று கேளுங்கள், வெள்ளம் என்று பொருள். மூன்று நான்கு குழம்புகளைச் சோற்றின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றுவார்கள், அந்தக் கலவைதான் நாசி கண்டார்.

பில் ஏறியது சோற்றால் இருக்காது. பெரிய இறாலோ மீன் தலையோ கை காட்டியிருப்பீர்கள். விலை எழுதாத கடல் பண்டத்தைக் கேட்காமல் தட்டில் வாங்காதீர்கள், எந்த நாட்டிலும். வியட்நாமில் அட்டையில் 'தோய் யா' என்று இருந்தால் அன்றைய சந்தை விலை. எடை போடும்போது பக்கத்தில் நின்று, மொத்தம் எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொண்டு பிறகு சமைக்கச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் ஒரு கடற்கரைக் கடையில் இரண்டு நண்டுக்குப் பயணத்தின் கால்வாசிப் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தது.

மண்டபத்திலிருந்து: தொண்டி அண்ணன் சொல்வதுதான் சரி. நம் முன்னோர் யாரும் மீனை ஊறவைத்துச் சாறு எடுக்கவில்லை. அவர்களுக்குத் தெரியாததா?

முன்னோரை இழுத்துவிட்டீர்கள், ஆகவே கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். ரோமாபுரிக்காரர்கள் இதே வேலையைச் செய்தார்கள். மீன் குடலும் உப்பும் சேர்த்து வெயிலில் ஊறவைத்து வடித்த சாறுக்கு காரும் என்று பெயர். அரிக்கமேட்டில் கிடைத்த மேலைநாட்டுச் சாடிகளில் ஒயின் வந்தவற்றோடு இந்த மீன்சாறு வந்த சாடிகளும் உண்டு. நம் அழகன்குளத்திலும் ரோமானியச் சாடி ஓடுகள் கிடைத்திருக்கின்றன. அதில் என்ன வந்தது என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் நம் கரை அந்த வணிகப் பாதையில் இருந்தது, மீன்சாறு தமிழ் மண்ணில் இறங்கியிருக்கிறது.

இனி என் கேள்வி. உங்கள் வீட்டில் தேங்காய்ச் சம்பல் அரைக்கும்போது மாசி போடுவீர்களா இல்லையா? சூரை மீனை அவித்து, புகையில் போட்டு, கட்டைபோல் காயவைத்து, இடித்துத் தூளாக்கி, ஒரு சிட்டிகை போடுகிறோம். ஏன்? மீன் தின்பதற்கா? ருசியைத் தூக்குவதற்கு. அவர்கள் மீன்சாறை விடுவதும் அதற்காகத்தான்.

தொண்டியிலிருந்து: மாசி வேறு, இது வேறு காக்கா. மாசி வாசம் தூக்கும், அது குமட்டும்.

பிறந்ததிலிருந்து முகர்ந்ததால் மாசி வாசமாக இருக்கிறது. என்னோடு வேலை செய்த சைகோன் பையன் நான் கொண்டுபோன மாசியை முகர்ந்துவிட்டு, ஜன்னலைத் திறந்தான். ஒரு வாரம் கழித்து அவனே சம்பல் கேட்டான். நீங்களும் ஒரு வாரம் கொடுங்கள் அண்ணே.

சாயல்குடியிலிருந்து: மாட்டிறைச்சி சாப்பிட மாட்டோம். கோழி ஃபோ வாங்கலாமா? அப்புறம், ஹலால்...

கோழி ஃபோ உண்டு, ஃபோ கா. சில கடைகளில் மாட்டு ரசத்தையே ஊற்றிக் கோழித் துண்டு வைப்பார்கள். கோழி மட்டும் விற்கும் கடையாகப் பாருங்கள். ஹலாலுக்கு டோங் டு தெரு. மூன்றாவது முறையாகச் சொல்கிறேன், இனி அதற்குப் பதில் எழுத மாட்டேன்.

உச்சிப்புளியிலிருந்து: குழந்தைகள் எதையும் தொட மாட்டார்கள். இட்லி, இடியாப்பம் என்று இருந்தால்தான் உண்டு.

பான் ஹோய் கேளுங்கள். அரிசி மாவைச் சன்ன நூலாகப் பிழிந்து, பின்னிய தாள்போல் மடித்து வேகவைத்தது. மேலே வெங்காயத்தாள் எண்ணெய். தேங்காய்ப்பாலும் சர்க்கரையும்தான் குறை. குழந்தைகள் இடியாப்பம் என்றே நம்பிச் சாப்பிடும். இன்னொன்று கா ரி கா. நம் கறி என்ற சொல்லேதான். கோழி, தேங்காய்ப்பால், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, காரம் குறைவு, ரொட்டியைத் தொட்டுச் சாப்பிடுவது. இந்த இரண்டும் கிடைத்தால் பிள்ளைகளைப் பற்றிய கவலை விட்டது.

பாம்பனிலிருந்து மறுபடியும்: அண்ணே, நீங்கள் சொன்னபடி கலந்து வைத்தேன். மனைவி பொரித்த நகரை மீனைத் தொட்டுச் சாப்பிட்டாள், குப்பி அடுப்படிக்கு வந்துவிட்டது. எங்கள் வள்ளத்தில் நெத்திலி விழுகிறது. நானே போட்டுப் பார்க்கலாமா?

இதைப் படித்ததும் எனக்கு இன்று எழுதிய களைப்பெல்லாம் போய்விட்டது. போடுங்கள் அண்ணே. ஆனால் வீட்டுக்கு மட்டும், விற்பனைக்கு வேண்டாம், அதற்குச் சோதனையும் உரிமமும் இருக்கின்றன.

முதல் விதி, மீன் வலையிலிருந்து வந்த சூட்டோடு உப்பு. கரைக்குக் கொண்டுவந்து, கூடையில் வெயில் பட வைத்து, மிச்சமானதை ஊறப்போடுவது கூடாது. உப்புச் சேரும் முன் மீன் கெட்டால் ஹிஸ்டமின் என்ற நஞ்சு உண்டாகும். முகம் சிவந்து தலைவலி வரும், எத்தனை கொதிக்கவைத்தாலும் அது போகாது. தொண்டி அண்ணன் அழுகல் என்று பயப்படுவதற்கு நியாயம் உள்ள ஒரே இடம் இது. இரண்டாவது, உப்பைக் குறைக்காதீர்கள். 3 கிலோ நெத்திலிக்கு 1 கிலோ கல்லுப்பு, தராசில் வைத்து. மீனைக் கழுவ வேண்டும் என்றால் கடல்தண்ணீரில். குடலை எடுக்காதீர்கள், வேலை செய்வது அதுதான். பீங்கான் ஜாடியில் அடுக்கி, மேலே ஒரு விரல்கடை உப்பு பரப்பி, மூங்கில் தப்பை வைத்து, கழுவிய கல்லைப் பாரமாக வையுங்கள். மீன் எப்போதும் சாற்றுக்குள் மூழ்கி இருக்க வேண்டும். மழைத்தண்ணீர் ஒரு சொட்டு விழக்கூடாது.

ஜாடியின் மேல் தேதியை எழுதி ஒட்டிவிடுங்கள். 12 மாதம் கழித்து முதல் சாறை மெல்லிய துணியில் வடிக்கும் அன்று சொல்லி அனுப்புங்கள், நான் பாம்பனுக்கு வருகிறேன். தொண்டி அண்ணனையும் அழைத்து வருகிறேன். அவர் தன் வீட்டு மாசிச் சம்பலைக் கொண்டுவரட்டும், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சாப்பிடலாம்.